இடது சீட்டின் தையல்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போய்விட்டது.

கார் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. வழக்கமாகச் சில நொடி எரிந்து அணைந்துவிடும். இன்று ஷூ பேக்டரி கேட் வரை கூடவே வந்தது. பதினோரு வருஷத்து வண்டி, பழைய மேனேஜர் ஊரை விட்டுப் போகும்போது கொடுத்தது. இப்படி ஒரு நாளும் படுத்தியதில்லை.

மத்தியானம் மெர்சி போன். ஞாயிறு வருகிறாளாம். திங்கள் அவள் தங்கச்சி மகளுக்கு நிச்சயம். செவ்வாய் காலை திரும்பிவிடுவாள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள மூன்று மாசம் என்று பெங்களூருக்கு, மகன் வீட்டுக்குப் போனவள். ஏழு மாசம் ஆகிறது.

எப்போது ஒரேயடியாக வருவாய் என்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் சண்டை. வீட்டில் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து முக்கியமான பேச்செல்லாம் வண்டியில் போகும்போதுதான். ரோட்டைப் பார்த்தபடி கேட்டுவிடலாம். ஜோலார்பேட்டை ஸ்டேஷனிலிருந்து ஆம்பூர் முக்கால் மணி நேரம். அது போதும்.

ஜூன் 11, புதன்

வெயில். மறுபடி தயிர் சாதம், ஊறுகாய்.

பேட்டரி வயரைக் கழற்றிப் பத்து நிமிஷம் விட்டு மாட்டினேன். யூடியூபில் ஒருவர் சொன்ன வைத்தியம். கடிகாரம் பன்னிரண்டுக்குப் போனதுதான் மிச்சம்.

கட்டிங் செக்‌ஷன் குமரேசன் வந்து பார்த்தான். "பல்ப புடுங்கிட்டா வேல முடிஞ்சிச்சி சார்." அவனுக்கென்ன. தினமும் பெண்டாட்டி டிபன் கட்டி அனுப்புகிறாள்.

ஞாயிறுக்குள்:
கேஸ் புக் பண்ண.
தலையணை உறை துவைக்க.
மெ. மாத்திரை இங்கே ஒரு அட்டை.
விளக்கு.

புது சீட் கவர் பற்றி மெ.யிடம் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும். சாம்பிளில் கழித்த தோல், காபித்தூள் நிறம், அவளுக்குப் பிடித்தது. மே மாசம் முழுக்க சாயங்காலம் எனக்கு அதுதான் வேலை. முன்பு அவள் ஜாப் ஒர்க் தைத்த மெஷினில் தைத்தேன். ஷூவுக்குப் போடும் நைலான் நூல், டபுள் தையல். பேச ஆள் இல்லாத வீட்டில் மெஷின் சத்தமாவது இருந்தது. போன ஞாயிறு எல்லா சீட்டுக்கும் மாட்டி முடித்தேன். பிறகு சும்மா அரை மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை.

இன்று ஷிப்ட் முடிந்து பைபாஸ் பக்கம் அன்வர் பாய் ஒர்க் ஷாப். ஸ்டீயரிங் பக்கம்தான் பழுது இருக்கும் என்று நான் சொன்னேன். பாய் ஸ்கேனரைச் சொருகினார். திரையில் வந்தது இடது முன் சீட். சீட்டின் பக்கவாட்டில் ஒரு காற்றுப்பை உண்டாம். அதற்குப் போகும் ஒயரில் இணைப்பு சரியில்லை.

சீட்டை யார் கழற்றியது என்று கேட்டார். கவர் மாட்ட நான்தான் கழற்றினேன். சீட்டுக்கடியில் மஞ்சள் பிளக்கைச் சரியாகச் சொருகாமல் விட்டிருக்கிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து, பிளக்கை 'டக்' என்று அழுத்தினார். ஸ்கேனரில் பதிந்திருந்த பழைய எர்ரரை அழித்தார். சாவி போட்டால் விளக்கு எரிந்து, ஒழுங்காக அணைந்தது. சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன்.

பாய் சிரிக்கவில்லை. சீட் ஓரத் தையலை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இன்னா நூலுண்ணே இது?"

பெருமையாகச் சொன்னேன். மனிதன் தொங்கினாலும் விடாது என்றேன்.

"அதான் தப்பு. பை இங்கிருந்துதான் கிழிச்சிகினு வரணும். நீங்க கிழியாத மாதிரி தெச்சி வெச்சிருக்கீங்க. லைட்டு போச்சி, ஆனா இடிச்சா பை வெளிய வராது. யார்ண்ணே இங்க உக்கார்றது?"

வீட்டுக்காரி என்றேன். முன் இரண்டு கவரையும் எடுத்துவிடச் சொன்னார்.

இருபத்தெட்டு வருஷமாக ஷூ தையல் லைனில் நின்று நான் கத்துவது ஒன்றே ஒன்று, தையல் விடக்கூடாது.

ஜூன் 14, சனி

மேகம். காற்று இல்லை.

இடது சீட் கவரைப் பிரித்தேன். முழுசாகக் கழற்ற மறுபடி சீட்டைத் தூக்க வேண்டும், பிளக்கை நான் தொடுவதாக இல்லை. பிளேடால் ஒவ்வொரு தையலாக. விரலில் இரண்டு வெட்டு. நடுவில் அழுகை வந்தது. சீட் கவருக்கு ஒருத்தன் அழுவானா. அழுதேன், அவ்வளவுதான்.

உள்ளே பழைய சாம்பல் துணி. தலை சாய்க்கும் இடத்தில் அவள் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது.

என் பக்கத்துக் கவர் இருக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்.

கேட்க வேண்டியதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். "மெர்சி, எப்ப வர்ற?" கோபம் மாதிரி இருக்கிறது. "எப்ப வர முடியும்?" இது பரவாயில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலைத் தூறல். கோயிலுக்குப் போகவில்லை. ரயில் இருபது நிமிஷம் லேட்.

மெ. இறங்கினாள். தோளில் பேத்தி, அரைத் தூக்கத்தில். குழந்தையும் வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. மெ. இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். இடது முன் கதவைத் திறந்து பிடித்தேன்.

"கொழந்தய வெச்சிகினு முன்னாடி வாணாங்க. நான் பின்னாலயே உக்கார்றேன்."

அவள் சொன்னது சரி. இந்த வாரம் ஏர்பேக் பற்றி நான் படித்ததும் அதுதான், மடியில் குழந்தையோடு முன் சீட் ஆகாது. கதவைச் சாத்தினேன்.

பின் சீட்டுத் தோலைத் தடவிப் பார்த்தாள். நல்லாயிருக்குதே என்றாள். முன்னால் இடது சீட்டுக்கு மட்டும் ஏன் போடவில்லை என்று கேட்டாள். தோல் பத்தவில்லை என்றேன். குழந்தை கால் நீட்டட்டும் என்று பெரிய பையை முன் சீட்டுக்குத் தள்ளினாள்.

வாணியம்பாடி தாண்டியதும் ரோட்டைப் பார்த்தபடி, "மெர்சி, எப்ப வர முடியும்?" என்றேன். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பேரும் தூக்கம்.

பள்ளத்தில் வண்டி குலுங்கியதில் பை சீட்டின் நடுவே சரிந்தது. ஆள் உட்கார்ந்திருப்பதாக எண்ணி, பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்த ஆரம்பித்தது. குழந்தை முனகியது. ஓரம் கட்டினேன். பைக்கு பெல்ட் போட்டுவிட்டு ஓட்டினேன்.