கோயில் தலையில் ஏற்றிய பாரம்

அன்புப் பேத்திக்கு, ஆண்டவர் நிழலில் நீ சுகமாயிருக்க வேண்டிக்கொண்டு உன் பாட்டி எழுதுவது.

உன் அண்ணன் வங்கியில் மேனேஜர் ஆகிவிட்டான். சின்னவள் பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல். உன் சித்தப்பா மகன் வக்கீல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான், கண் பட்டுவிடும் போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வருகிறவர்களை நிறுத்தி வைத்து எல்லாம் சொல்லித்தான் அனுப்புவேன். கடைசியில் உன்னைச் சொல்வேன், கட்டட இன்ஜினியர் என்று. இப்போது அதை மட்டும் சொல்வதில்லை.

லீவில் வந்தபோது கோயிலைப் பார்த்துவிட்டுப் போனாயே, நீ அனுப்பிய அறிக்கையைச் பங்குச் சாமியார் பூசையில் வாசித்தார். ஓட்டுக் கூரையைத் தாங்கக் கட்டிய சுண்ணாம்புச் சுவர், கான்கிரீட் பாரத்தில் இரண்டு பக்கமும் வெளியே சாய்கிறது, இனிக் கூரையை இறக்கினாலும் நிற்காது என்று எழுதியிருந்தாய்.

அந்தப் பழைய ஓட்டுக் கூரையைக் கட்டியவர்கள் படகு கட்டுகிற ஆட்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த படகேதான். ஓர் ஆணி கிடையாது, எல்லாம் மரமுளை. பக்கத்து ஊர்ப் பங்குக் கோயிலில் கான்கிரீட் போட்டுவிட்டார்கள், நாம் மட்டும் ஓட்டுக் கூரையிலா இருப்பது என்று ரோஷம் வந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டோம். கான்கிரீட் ஊற்ற ஊரே கலவைச் சட்டி தூக்கியது. ஆண்டவருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அவர் தலையில் பாரத்தை ஏற்றினோம்.

இப்போது மணி அடித்தால் காரை உதிர்கிறது. அதனால் அடிப்பதில்லை. கதவில் பூட்டு. அடுத்த மாதம் இடிக்கிறார்கள். புதிதாகக் கட்ட வழியில்லையாம், நம்மை அந்தப் பக்கத்துப் பங்கோடேயே சேர்க்கப் போகிறார்கள்.

என் நாத்தனார் எல்லார் முன்னாலும், பேத்தியப் படிக்க வெச்சீங்களே அண்ணி, கோயில இடிக்கிறதுக்கா படிக்க வெச்சீங்க என்று கேட்டுவிட்டாள். பொய் சொல்றதுக்குப் படிக்க வைக்கலடி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதது உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நான் ஐந்தாவது வரைதான். ஆனாலும் கணக்கில் ஒரு புள்ளி தவறினால் விடையே மாறிவிடும் என்று எனக்கும் தெரியும். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறாயா என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். கேட்கவில்லை. நீ சும்மா எழுதுகிறவளா, எத்தனை தடவை போட்டுப் பார்த்தாயோ.

வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு கண்ணு. என்னிடம் இருப்பது சின்னப் பிள்ளையில் நீ முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்றைக்குக் கோயில் வாசலில் எடுத்தது. அதைக் கையில் எடுத்தால் உன் முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கிற கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் பாட்டி