யானையைவிடப் பெரிய அன்னம்

புஜைரா,
ஞாயிறு

அன்புள்ள ஷாஜினிக்கு,

பெபின் எழுதுவது. நான் நலம். நீயும் மால்டாத் தீவும் நலம் என்று நம்புகிறேன். போனை எடுக்காவிட்டாலும், விசா விண்ணப்பம் வைத்த கவரை நீ பிரித்துத்தானே ஆக வேண்டும்? அதனால் இதையும் அதற்குள்ளேயே வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நடந்தது சொல் குழப்பம். "பேப்பர் என்னாச்சு?" என்று கேட்டாய். கையெழுத்துப் போட்டு முடித்தாயிற்று என்ற பொருளில் "கலாஸ்" என்றேன். எல்லாம் முடிந்தது, வரமாட்டேன் என்று நீ எடுத்துக்கொண்டாய். பதினோரு வருடத்தில் நான் கற்ற அரபு நாலு சொல். அதில் ஒன்று குடும்பத்தைக் கலைக்கப் பார்க்கிறது.

போன வாரம் உன் தீவைப் பற்றிப் படித்தேன். ஒரு காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்தபோது, சிசிலிப் பக்கமிருந்து யானைகளும் நீர்யானைகளும் அங்கே வந்தனவாம். நடந்து வந்தனவா, நீந்தி வந்தனவா என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு. விசாவுக்குப் பொறுப்பேற்கும் கஃபீல் எதற்கும் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு கடல் ஏறிவிட்டது. தீனி குறைவு. யானை தலைமுறை தலைமுறையாகக் குறுகி ஆட்டுக்கிடா உயரத்துக்கு வந்தது. பறந்து வந்த அன்னமோ யானையைவிட நீளமாக வளர்ந்தது. எலியும் பூனையும் பின்னால் மனிதனோடு கப்பலேறி வந்தவை. இன்றும் சௌக்கியமாக இருப்பவை அவைதாம்.

இதை ரூமில் தேவதாஸிடம் சொன்னேன். "லேய் மக்கா, அவ நர்ஸா பறந்து போனா. நீ அவளுக்க விசாவுல ஒட்டிக்கிட்டுப் போற. அப்ப நீதாம்லே அந்த ஆனை" என்றான். ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன். 'மனைவியைச் சார்ந்திருப்பவர்' என்ற இடத்தில் அன்று கையெழுத்துப் போடவில்லை.

செவ்வாய்க்கிழமையும் போட்டிருக்கவில்லை. நான் சொன்ன கலாஸ் பொய். இங்கே எட்டு எண்ணெய் டாங்குகளின் வால்வுகள் என் சொல்லுக்குக் கட்டுப்படுகின்றன. அங்கே நீ டியூட்டி முடிந்து வரும்வரை எதைத் திறந்து எதை மூடுவேன் என்று யோசித்தபடி, வேலையில்லாத நேரத்திலும் யார்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரே டாங்கை மூன்று முறை சோதித்தேன் என்று சூப்பர்வைசர் பாராட்டினார்.

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றாய், கூரியரில் அதற்குள் வந்துவிடும்.

மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டேன். 'அங்கே செய்யப்போகும் தொழில்' என்ற கட்டம் மட்டும் காலி. நீயே ஏதாவது எழுது. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. காலியாக மட்டும் கொடுத்துவிடாதே.

கர்த்தர் உன் கூடவே இருப்பாராக. நானும் இருக்கப் பார்க்கிறேன்.

உன்,
பெபின்