மீன் தொடாத மாதங்கள்

ஜிபினின் அப்பாவுக்கு,

அஜிஷாவுக்குப் பத்து வயதிலேயே சர்க்கரை. அவள் வயிற்றிலிருந்தபோது நான் பட்டினி கிடந்ததும் காரணமாக இருக்கலாமாம். தாயின் பசி பிள்ளையின் உடம்பில் பதியும் என்றார் டாக்டர். நீங்களும் போனில், "ஏட்டி, கொஞ்சம் மீனாவது தின்னிருக்கலாம்லா?" என்கிறீர்கள்.

சுனாமி கொண்டுபோன நம் மகன் ஜிபினின் உடல் கிடைக்கவே இல்லை. கடலில் போனவர்களை மீன் தின்றிருக்கும் என்று அதன்பின் பல மாதம் நம் கரையில் யாரும் மீன் தொடவில்லை. குவைத்தில் இருந்த உங்களுக்கு அது தெரியாது. பக்கத்து வீட்டு குளோரி அக்காதான் வயிற்றுப்பிள்ளைக்காகச் சாளை மீன் கறி வைத்துத் தந்தாள். "கண்ணை மூடிட்டுத் தின்னு மக்கா" என்றாள். கண்ணை மூடினால் அவன்தான் தெரிந்தான். பிறகு எனக்குச் சோறும் இறங்கவில்லை.

டாக்டர் சொன்னதைக் கேட்டிருந்த அஜிஷா, "நான் வயித்துல கிடக்கும்போ ஏம்மா நீ தின்னல்ல?" என்கிறாள்.

மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது; காரணத்தைச் சொன்னால் இனி அவள் மீனைத் தொடுவாளா? நீங்களே வந்து பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா