மேம்பாலத்துக்கு ஓர் ஆட்சேபம்

ஜூன் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். விடுதிச் சாப்பாட்டுக்கு வயிறு பழகிவிட்டது, நாக்குதான் இன்னும் முரண்டு பிடிக்கிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடையில் பெயிண்ட் டப்பாக்களை நீங்களே தூக்காதீர்கள்.

நகரத் திட்டமிடல் படிக்கும் நாங்கள் இந்தப் பருவத்தில் ஏதாவது ஒரு பொதுத் திட்டத்தை ஆராய வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் என் குழுவுக்கு நம் ஊர் ரயில்வே மேம்பாலம் வந்து விழுந்தது. கவுன்சிலராகி நீங்கள் நாயாய் அலைந்து கொண்டுவந்த திட்டம் அது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வரைபடத்தைப் பார்த்தேன் அப்பா. பாலத்தின் சரிவு, தண்டவாளத்தை ஒட்டிய வரிசை வீடுகளின் தலையில்தான் இறங்குகிறது. அங்கே இருப்பவர்களுக்குக் குறித்திருக்கும் மாற்று இடம் கடைசி பஸ் நிறுத்தத்தையும் தாண்டிய பொட்டல். பள்ளிக்கூடம் இல்லை, பிழைப்பு இல்லை, தண்ணீர்கூட லாரியில்தான் வர வேண்டும்.

குழுவாக ஆட்சேப மனு எழுதி நகராட்சிக்கு அனுப்பிவிட்டோம். பாலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு ஊருக்குள் வீடு கொடுத்த பிறகு முதல் தூணைப் போடுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறோம். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது.

திட்டுவதாக இருந்தாலும் பதில் போடுங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 14

கண்ணு,

உன் கடிதத்தை முந்திக்கொண்டு மனு வந்துவிட்டது. நகராட்சித் தலைவர் அதை என் முன்னால் வைத்து, "என்னய்யா, வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வீடு கட்டிக் கொடுத்த பிறகு பாலம் என்றால் எத்தனை வருஷம் ஆகும் என்று உன் புத்தகத்தில் போட்டிருக்கிறதா? இப்போது ஆரம்பிக்காவிட்டால் ஒதுக்கிய நிதி வேறு ஊருக்குப் போய்விடும். அந்த மதியம் உன் அம்மாவை ஏற்றிய ஆம்புலன்ஸ் மூடிய ரயில்வே கேட்டின் அந்தப் பக்கம் நின்றது. கடையிலிருந்து ஓடிவந்த நான் ஆஸ்பத்திரிப் பக்கம் நின்றேன். நடுவில் சரக்கு ரயில், அசையவில்லை. பெட்டிகளின் இடுக்கில் அந்த விளக்கு சுழல்வது மட்டும் தெரிந்தது. ரயில் நகர்ந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

அதற்காகத்தான் தேர்தலில் நின்றேன். இல்லாவிட்டால் பெயிண்ட் கடைக்காரனுக்கு அரசியல் எதற்கு? உனக்கு இது படிப்பு. எனக்கு அப்படி இல்லை.

மனுவிலிருந்து உன் கையெழுத்தை எடுத்துவிடு.

அப்பா


ஜூன் 21

அன்புள்ள அப்பா,

கையெழுத்தை எடுக்க முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் இது வெறும் படிப்பு இல்லை. அந்த வண்டிக்குள் நான் இருந்தேன். அந்த நாளைப் பற்றி நாம் இருவரும் வாய் திறந்ததே இல்லை, அதனால் உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. வண்டி நின்றதும் புழுக்கம் தாங்காமல் உதவியாளர் பின்கதவைத் திறந்தார். வரிசை வீட்டிலிருந்து ஒரு தையல்கார அக்கா ஓடிவந்து ஏறினார். யார், எவர் என்று கேட்கவில்லை. அம்மாவின் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "கண்ணைத் திறங்கம்மா, பிள்ளை பாக்குதில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் அம்மாவின் கண்களை மூடியதும் அவர்தான். என் கைகள் எழவில்லை.

எங்கள் குழுவில் இருவர் நேரில் போய் எடுத்துவந்த படங்களில் அவரைப் பார்த்தேன். வாசலில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கிறார். சரிவுக்கு நேர் கீழே அவர் வீடு.

இதைச் சொல்லி உங்களை மடக்கப் பார்க்கிறேன் என்று எண்ணாதீர்கள். அவர் அன்றைக்கு வராமல் இருந்திருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனாலும் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

மகள்


ஜூலை 11

கண்ணு,

பேனாவை எடுப்பதும் வைப்பதுமாகவே நாள் போய்விட்டது.

வரிசை வீடுகளுக்குப் போனேன். ஓட்டுக் கேட்காமல் அந்தத் தெருவுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. தையல்காரம்மா எழுந்து நாற்காலி போட்டார். நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். "இந்த கேட்ல எத்தனையோ வண்டி நின்னிருக்குங்க. எந்த அம்மான்னு எனக்கு நினைப்பில்லையே" என்றார். ஒவ்வொரு வண்டிக்கும் ஓடியிருக்கிறார் போல. பிறகு அவரே, "பாலம் கட்டாயம் கட்டுங்க. எங்களை எங்க வெக்கப்போறீங்கன்னு மட்டும் சொல்லிட்டுக் கட்டுங்க" என்றார். நன்றி சொல்லத்தான் போனேன். அவர் கவுன்சிலரிடம் பேசினார், நானும் கவுன்சிலராகவே தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று மன்றக் கூட்டம். வீடு முதலில், தூண் அப்புறம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். வழிமொழிய ஆள் இல்லை. பாலத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, எதிர்ப்பவர்கள் உண்டா என்றார்கள். என் கை ஒன்றுதான் எழுந்தது. நான் கேட்ட பாலம் என்னை மீறி நிறைவேறியது. தலைவர், "இத்தனை வருஷம் பாலம் பாலம்னு எங்க உயிரை எடுத்துட்டு, இப்ப என்னய்யா உனக்கு?" என்றார். அடுத்த தேர்தலில் எனக்கு இடம் கிடையாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

நான் செய்தது சரியா என்று கேட்காதே. பாலம் தள்ளிப்போய் இன்னொரு வண்டி அங்கே நின்றிருந்தால் அந்தப் பழி எனக்கு. இப்போது அவர்கள் வீடு போனாலும் பழி எனக்குத்தான். இன்று காலையே வரிசை வீடுகளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

உன் மேல் கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அதை நேரில் வந்து வாங்கிக்கொள்.

அப்பா


ஜூலை 17

அன்புள்ள அப்பா,

பாலம் வரட்டும். அதனால் ஒரு வீட்டில் ஒரு அம்மா பிழைத்தால் எனக்கும் நிம்மதி.

சனிக்கிழமை காலை வருகிறேன். என்னோடு இரண்டு தோழிகளும் வருகிறார்கள். நோட்டீஸை எதிர்த்து வீடு வீடாகத் தனித்தனி மனு எழுத வேண்டும். ஜெயிக்குமா என்று எங்கள் ஆசிரியரைக் கேட்டேன். சிலருக்காவது ஊருக்குள் இடம் கிடைக்கலாம் என்றார்.

முதலில் தையல்கார அக்கா வீட்டுக்குப் போவோம். அவருக்கு நினைவில்லாவிட்டால் பரவாயில்லை, நமக்கு இருக்கிறது. நீங்களும் வாருங்கள். கவுன்சிலர் வேண்டாம் அப்பா, அம்மாவின் வீட்டுக்காரர் வந்தால் போதும்.

உங்கள் மகள்