ஒங்க எம்.எல்.ஏ. வந்துட்டுப் போயிட்டாரு

தி.நகர்
ஆடி வெள்ளி

அப்புறம் ஏட்டி ப்ரியா, நீ கேட்டியே அந்த மனுசன் எப்படின்னு, ஒரு வார்த்தையில சொல்லணும்னா எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான். ஆனா ஒரு வார்த்தையில சொன்னா நீ விடமாட்ட, போன்ல சொன்னா குறுக்க குறுக்க பேசி என் வாய அடைச்சிருவ, அதான் பேப்பர எடுத்து உக்காந்துட்டேன், ஒங்க மைனி கீர்த்தி இத போட்டோ புடிச்சு ஒனக்கு அனுப்பிருவா. செந்தூர் முருகன் பாத்துக்கிடுததால இங்க எல்லாரும் ஒரு கொறையுமில்லாம இருக்கோம், நீயும் அந்த மேடான் ஊருல மழையில நனையாம வேளைக்குத் தின்னு நல்லா இருக்கணும்னு வெளக்கு ஏத்தும்போதெல்லாம் கேட்டுக்கிடுதேன். அப்பாவுக்கு சக்கரை கொஞ்சம் எறங்கிருக்கு, ஆனா கடைக்குப் போனா பக்கத்துக் கடை பாதுஷாவக் கண்டா கை நிக்க மாட்டேங்கு. ஆடித் தள்ளுபடின்னு ரங்கநாதன் தெருவுல கால் வைக்க எடமில்ல, நம்ம பாத்திரக் கடையிலயும் ஒங்கண்ணன் காலையில நின்னா கடை அடைக்கவரைக்கும் நின்னபடிதான். மேலவீட்டு ரோஸி அக்கா மக பிரசவத்துக்கு வந்திருக்கா, அவ ஒன்னத்தான் கேட்டா, எப்ப வாரான்னு. நான் என்னத்தச் சொல்ல.

அதத்தான் சொல்ல வாரேன். படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் கெடக்கும்போதே குணவான்னு பேரு வச்ச அந்த ஊரு எம்.எல்.ஏ. ஒன்ன அவரு ஆபீஸ்ல வேலைக்குக் கூப்பிடுதாரு, சேந்தா மூணு வருசத்துக்கு ஊருக்கு வர முடியாது, அவரு அம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன்னு சென்னைக்கு வாராரு, ஒரு நேரம் சோறு போட்டு ஆளப் பாத்துட்டு சேரவா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்கன்னு எங்க தலையில கட்டிட்ட. சரின்னுட்டோம். ஒன் படிப்பே எனக்கு இன்னும் வெளங்கல பாத்துக்க. இந்தோனேசியாவுல இருக்க சீன வம்சத்து ஆளுக எம்.எல்.ஏ. ஆனா அந்த வேலைய என்னன்னு நெனைச்சுச் செய்யுதாங்க, இதக் கண்டுபிடிக்க ஒரு படிப்பு, அதுக்கு ஒரு டாக்டர் பட்டம். மாம்பலத்துல யாராவது ஒன் மக என்ன படிக்கான்னு கேட்டா டாக்டருக்குன்னு சொல்லிட்டு நான் வேகமா நடைய கட்டிருதேன். எம்.எல்.ஏ. வேலை என்னன்னு தெரிய கப்பல் ஏறணுமா, நம்ம வெள்ளைத்துரையப் பாத்தாப் போதாதா. எம்.எல்.ஏ.வுக்கு எடுபிடி, வட்டச் செயலாளர்னு பேரு, ஆனா தெருவுக்கு எம்.எல்.ஏ. நாந்தாங்க மாதிரி வெள்ள வேட்டியில நடப்பான். நம்ம வீட்டு முன்னால சாக்கடை மூடி ஒடைஞ்சு ஒங்கப்பா கால் உள்ள போனது ஒனக்குத் தெரியும்லா, மூணு மாசம் நடந்தேன் அவன்கிட்ட. அவன் மச்சினன் வீட்டு வாசலுக்கு மட்டும் புது மூடி வந்துச்சு. எங்களுக்குப் பழசு ஒண்ணு வந்தது, அதுலயும் பெயிண்டுல அவன் பேரு. சவத்து மூதி.

இந்தக் கூத்துல ஒங்கப்பா கடையில வச்சு வாய விட்டுட்டாவ, சீனாக்கார எம்.எல்.ஏ. நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாராருன்னு. வெள்ளைத்துரை காதுல விழுந்துட்டு. செவ்வாக்கிழமை கோலம் போட கதவத் தொறந்தா வாசலுக்கு நேரா ஃபிளெக்ஸ் தொங்குது. "சீனத்துச் சிங்கமே வருக வருக", சுத்தி நெருப்புக் கக்குற டிராகன், நடுவுல ஆளுயரத்துக்கு வெள்ளைத்துரை கும்புடுதான். விருந்தாளி எங்கன்னு தேடினா ஓரத்துல தபால்தல அளவுக்கு ஒரு மூஞ்சி, அதுவும் ஒங்க ஆளு இல்ல, போட்டோ கெடைக்கலன்னு நெட்டுல இருந்து எவனோ ஒரு சீனாக்காரன எடுத்து ஒட்டிட்டான். கேட்டா எல்லாம் ஒரே மாரிதானக்கா இருக்காங்கங்கான். நானும் அவன வைதேனே தவிர சிங்கத்துல என்ன தப்புன்னு எனக்கும் தோணலட்டி, உண்மையச் சொல்லுதேன், மூஞ்சியப் பாத்தா சீனாக்காரன், சீனாக்காரன சீனாக்காரன்னு போடாம வேற என்னன்னு போட.

ஆளு வந்தது ஆட்டோவுல. ஒத்த ஆளு. பின்னால ஒரு கார் இல்ல, பைய தூக்க ஒரு நாதி இல்ல. வெள்ளைத்துரை மால சால்வையோட ரோட்டுமொனை வரைக்கும் போய் காருக்குக் காத்துக் கெடக்கான், இவரு அவன் முதுகுக்குப் பின்னால எறங்கி ஆட்டோக்காரர்கிட்ட மிச்சம் வாங்கிக்கிட்டு நிக்காரு. அப்பவே எனக்கு மதிப்பு போயிட்டு. பொறகு ஃபிளெக்ஸப் பாத்தாரு. கீர்த்திகிட்ட இங்கிலீசுல என்ன எழுதிருக்குன்னு கேட்டாரு, அந்தப் பிள்ளையும் ஒளிக்கத் தெரியாம அப்படியே சொல்லிட்டா. மனுசன் மூஞ்சி செத்துப்போச்சு. நாலு தலைமொறையா எங்க குடும்பம் இந்தோனேசியா, நான் சீனாவ மேப்புலதான் பாத்திருக்கேன், ஒவ்வொரு எலெக்சனுக்கும் எதிராளி என் தெருவுல கட்டுறது இதே போர்டுதான், இத்தன தூரம் வந்தா இங்கயும் அது எனக்கு முன்னால வந்து நிக்குதுன்னு சொன்னாராம். சத்தமே போடல, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நானா இருந்தா கிழிச்சு எறிஞ்சிருப்பேன். இவரு அத அவுத்து வேட்டிய மடிக்க மாதிரி ஒரு ஓரத்தப் புடிச்சுக்கிட்டு கீர்த்திய மறு ஓரத்தப் புடிக்கச் சொல்லி மடக்கி மடக்கி வெள்ளைத்துரைகிட்ட கொடுத்துட்டாரு. அதுக்குள்ள வெள்ளைத்துரை ஃபிளெக்ஸோட இவர சேத்து ஒரு போட்டோ எடுத்து அவன் வாட்சப்புல ஏத்திட்டான். அந்தப் படம் எங்க ஊருக்குப் போச்சுன்னா அடுத்த எலெக்சன் அத்தோட முடிஞ்சதுன்னு இவரு கையப் பெசைஞ்சதும் எனக்கு வந்துட்டு பாரு. எலே, அத அழிக்கலன்னா இந்தத் தெருவுல ஒத்த பொம்பள ஓட்டு ஒங்க ஆளுக்கு விழாது, நான் வீடு வீடா ஏறி எறங்குவேன்னு சொன்னேன். இன்னாக்கா நீ, ஆசையாப் பண்ணத இப்டி சொல்றியேன்னு மூக்கால அழுதுக்கிட்டே அழிச்சான். சால்வைய மட்டும் விடாம போத்திட்டுத்தான் போனான், அதுல அவன் கட்சிக் கரை.

சாப்பாட்டுல கொற சொல்ல மாட்டேன், ஆடிச் செவ்வான்னு சைவம்தான் வச்சேன், அங்க தமிழாளுக வீட்டுல பழக்கமாம், சோத்தப் பெசைஞ்சு நல்லாத் தின்னாரு. அப்பளம் ரெண்டாந்தரம் கேட்டாரு. அப்பதான் நான் கீர்த்திய வச்சு கேட்டேன், ஒங்க ஆளுகளுக்கு என்ன செஞ்சு கொடுத்திருக்கீகன்னு. தனியா ஒண்ணும் செய்யலன்னுட்டாரு, அதையும் பெருமையா. நான் எல்லாருக்கும் எம்.எல்.ஏ., எங்க ஆளு ஒருத்தருக்குச் செஞ்சாலும் தன் சாதிக்குச் செய்யுதான்னு சொல்லிருவாங்க, அதனால எங்க ஆளுக வந்தா கடைசியாத்தான் உக்கார வைப்பேன்னாரு. நல்லா இருக்குல்லா ஞாயம். நம்ம வெள்ளைத்துரை மச்சினனுக்கு மட்டும் செய்வான், இவரு மச்சினனுக்கு மட்டும் செய்யமாட்டாரு, ரெண்டு பேருக்கும் நெனப்பு பூரா மச்சினன் மேலதான. சரி சாக்கடை அடைச்சா வருவீகளான்னு கேட்டேன். அது அதிகாரி வேல, என் வேல சட்டம் போடுறது, பட்ஜெட்ட வரி வரியாப் படிச்சு சாக்கடைக்கு ஒதுக்குனது எங்க போச்சுன்னு கேக்குறதுன்னாரு. படிங்க படிங்க, முட்டி வரைக்கும் தண்ணி வந்தப் பொறவும் படிங்கன்னேன், கீர்த்தி அத மட்டும் இங்கிலீசுல சொல்லல.

அத விடு, கேளு கூத்த. அவுக ஆளுக இடுகாட்டுல பாதிய ரோட்டுக்கு எடுக்க இருந்தாங்களாம், இவரு தாத்தாவே அங்கதான் கெடக்காராம். சபையில எந்திரிச்சுப் பேசுனீகளான்னேன். பேச்ச பூராவும் இவருதான் எழுதினாராம், எழுதி ஒரு முஸ்லிம் மெம்பர்கிட்ட கொடுத்து அவரப் படிக்க வச்சாராம். நான் படிச்சா அது சீனாக்காரன் குரல், அவரு படிச்சா ஊரு குரல்னு வெளக்கம் வேற. ரோடு வேற பக்கம் போயிட்டாம், இடுகாடு பொழச்சிட்டாம். பொழச்சா? தன் வீட்டுச் சாவுக்கு அடுத்த வீட்டுக்காரன அழச் சொல்லிட்டு தூணுக்குப் பின்னால நின்னுருக்காரு, இதுல மெடல் வேற வேணுமா. இவுக ஆளுலயே ஒரு பொம்பள மெம்பர் இருந்தாளாம், நான் எங்க ஆளுகளுக்காகத்தான் வந்திருக்கேன்னு மைக்கு முன்னாலயே சொல்லுவாளாம், அடுத்த எலெக்சன்ல தோத்துட்டாளாம். தோத்தா என்னட்டி, அவ மனுசி. இவரு ஜெயிச்சு ஜெயிச்சு என்னத்தக் கண்டாரு. ஒங்கப்பா மட்டும், பாவம் நிதானமான மனுசன்னு சொல்லுதாவ. கடையில பேரம் படியாதவங்க எல்லாத்தையும் அவுக அப்படித்தான் சொல்லுவாவ.

ஆகக்கூடி என் பதில் இதுதான், சேராத. வெள்ளைத்துரை மாதிரி ஆளுகிட்ட வேல பாத்தா வெக்கக்கேடு, இவருகிட்ட வேல பாத்தா வாயில்லாம போயிருவ, நீ சின்ன வயசுலயே வெடுக்குனு பேசுற பிள்ள, ஒன்ன அடுத்தவன் வாய்க்குப் பேச்சு எழுத விட்டு நான் மூணு வருசம் இங்க வாசலப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன். தான் யாருன்னு சொல்லப் பயப்படுத மனுசன் ஒனக்கு என்ன வழி காட்டுவாரு. படிப்ப முடி, கெளம்பி வா. ரோஸி அக்கா சொன்ன காலேஜ்ல லெக்சரர் வேல காலியாத்தான் கெடக்காம். முட்டுவலித் தைலம் அங்க கெடைச்சா வரும்போது ரெண்டு பாட்டில் வாங்கிக்க. தலைக்குக் குளிச்சா ஈரத்தோட கட்டாத. சஷ்டிக்கு மாத்திரம் கவுச்சி தொடாத, அங்க யார் பாக்கான்னு நெனைக்காத, முருகன் பாத்துக்கிட்டு இருப்பான். நீ எங்க இருந்தாலும் ஒரு முள்ளு கூட ஒன் கால்ல தைக்காம அந்த வேல் முன்னால நடக்கணும், நல்லா இரு மக்கா.

ஒன் அம்மா
பங்கஜம்

கீர்த்தி போட்டோ எடுக்க வந்து நிக்கா, அவளப் பாத்ததும் இப்பத்தான் ஞாபகம் வருது, இது ஒன் ஆராய்ச்சிப் புத்தகத்துக்கு இல்ல, அதுல ஏத்திராத. அன்னைக்கு அவரு கெளம்பும்போது கண்ணு ஆபரேசன் நல்லபடியா முடியட்டும்னு நம்ம வாசலுக்கு எதுத்த தெருமொனை அம்மன்கிட்ட ஒரு அர்ச்சனை வச்சிட்டுப் போகச் சொல்லி நாந்தான் இழுத்துட்டுப் போனேன். கூழ் ஊத்துற கூட்டம், வெள்ளைத்துரை உட்பட தெருவே நிக்கு. பூசாரி யார் பேருக்குன்னு கேட்டாரு. கீர்த்தி குணவான்ங்குற அந்த இந்தோனேசியாப் பேரச் சொல்ல வாயெடுத்தா, அவரு அவளக் கையமத்திட்டு தானே சொன்னாரு, மூணு துண்டா ஒரு சீனப் பேரு, அவுக அம்மா அவரக் கூப்பிடுத பேராம். பூசாரி இன்னா நைனா, ஒண்ணும் பிரியலயேன்னாரு. அவரு, காலையில அந்த ஃபிளெக்ஸ் தொங்குன கம்பத்துக்கிட்ட நின்னுக்கிட்டு அந்தப் பேர தெருவுக்கே கேக்க மாதிரி சத்தமா இன்னொரு தரம் சொன்னாரு.