தெற்கே பார்க்காத கார்

ஸ்ரீரங்கம்,
28-4-1959

சிரஞ்சீவி சௌரிராஜனுக்கு அப்பா யதிராஜன் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே எல்லோரும் க்ஷேமம், என் மானம் ஒன்றைத் தவிர. கான்பூரில் வெயில் எப்படி, ராத்திரியில் மோர் கிடைக்கிறதா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் தங்கை கமலவல்லிக்குக் கூறைப்புடவை எடுக்க முந்தாநாள் மலைக்கோட்டைக்குப் போனோம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனா, அது சம்பந்தி பராசரன் காதில் விழுந்து, தம்முடைய காரையே கொடுத்துவிட்டார். ஐந்து மணிக்குத் திருவெள்ளறைக்குப் போகவேண்டும், அதற்குள் வந்துவிட வேண்டும் என்று மூன்று தடவை சொல்லித்தான் சாவியைக் கையில் கொடுத்தார். கடைத்தெருவில் காரை எங்கே நிறுத்துவது? முசிறிக்காரர் பெரியண்ணன் என்பவர் தம் வாழைத்தார் மண்டிக்குப் பின்னால் உள்ள காலி மனையில் நாலணாவுக்கு இடம் விடுகிறார். அங்கே எல்லாக் காரும் சுவரோரமாகத் தெற்கே பார்த்து நின்றன. கல்யாணப் புடவை ஏறப்போகிற வண்டியை எமன் திசையில் நிறுத்துவேனா? நடுவில், கிழக்கே பார்த்து, பாதையை அடைத்துக்கொண்டு நிறுத்தினேன். குறுக்கே நின்றால் மாடு கட்டி இழுக்கப்படும், கூலி ஏழு ரூபாய் என்று பலகை இருந்தது. படித்தேன். மற்றவர்களுக்கு எழுதியது என்று நினைத்தேன்.

அரக்கு நிறத்தில் எட்டு விதம் உண்டு என்று உன் அம்மா அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள். திரும்பி வர மூன்றரை ஆகிவிட்டது. கார் வேப்பமரத்தடியில், முன்சக்கரத்தில் சங்கிலியோடு, தெற்கே பார்த்து நின்றது. பக்கத்தில் இரண்டு காளைகள் ஒன்றும் அறியாததுபோல் அசைபோட்டன. ஏழு ரூபாய் வைத்தால்தான் சங்கிலி கழலும் என்றார் பெரியண்ணன். விடுவேனா? இருபதடி இழுத்ததற்கு ஏழு ரூபாயா, ஜட்கா இந்தத் தொகைக்கு என் குடும்பத்தையே சமயபுரம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விடுமே என்றேன். கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். மனுஷர் குரலை உயர்த்தவே இல்லை. "சாமி, மாட்டைப் பூட்டி அவுக்கிறதுக்குத்தாங்க கூலி. இருபதடின்னாலும் ஏழு ரூபா, முசிறின்னாலும் ஏழு ரூபா. முசிறிக்கே இழுத்துட்டுப் போகட்டுங்களா?" கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு சட்டம் பேசினேன். நாலே கால் ஆயிற்று. உன் அம்மா புடவைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஏழு ரூபாய்க்குப் பொண்ணு கல்யாணத்தை நிறுத்தப் போறேளா?" என்றாள். கொடுத்துவிட்டேன்.

கதை அதோடு முடியவில்லை. தெற்கே பார்த்து நிற்கிற வண்டியில் புடவையை எப்படி ஏற்றுவது? ரிவர்ஸ் எனக்கு இன்னும் கைவரவில்லை. வெட்கத்தை விட்டு, காரைக் கிழக்கே திருப்பித் தரமுடியுமா என்று கேட்டேன். அதுக்கென்னங்க, மறுபடி பூட்டணும் என்றார். ஆக, பதினாலு.

ஐந்தே காலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சம்பந்தி தம் வீட்டு வாசலில் நின்றார். கல்யாணமே கைநழுவியது என்று நினைத்து, நடந்ததை ஒப்பித்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார், தெற்கே பார்த்து நின்றபோது புடவை வண்டியில் இருந்ததா என்று. இல்லை, திருப்பிய பிறகுதான் ஏற்றினோம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மண்டியில் போன மாதம் அவரும் இதே காரைக் கிழக்கே பார்த்து நிறுத்தி ஏழு ரூபாய் அழுதாராம், வீட்டில் சொல்லவில்லையாம். இப்படிப்பட்ட வீட்டில்தான் பெண் எடுக்கவேண்டும் என்று உள்ளே கேட்கும்படி சொன்னார். உன் அம்மா என்னை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாக, "கமலாவுக்குச் சீரா ஒரு ஜோடி மாடு கொடுத்துடலாம்" என்றாள்.

வைகாசி பத்தாம் தேதி முகூர்த்தம். நாலு நாள் முன்னதாக லீவு போட்டுவிடு, ரயிலுக்கு இப்போதே எழுதி வை. அம்மா தனியாகக் கடிதம் போடுவாள். அதில் நான் கூட்டத்தில் அழுததாக இருக்கும், நம்பாதே. தீர்க்காயுசாக, சௌக்கியமாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா
யதிராஜன்