ஜெயம் அக்காவுக்கு ஒன்பது நாள் சிரிப்பு

செப்டம்பர் 22, திங்கள்

மாடி வீட்டு ஜெயம் அக்கா என் புதுப் புடவையைப் பார்த்து, "நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத ரோஸ்லின், ஜன்னல் திரை மாதிரி இருக்குது" என்றாள். தப்பாகத்தான் நினைத்தேன்.

சாயந்திரம் கோயிலில் புனித சிறுமலர் தெரேசாவுக்கு ஒன்பது நாள் ஜெபம், நவநாள் ஆரம்பம். ஃபாதர் பிரசங்கத்தில் ஒரு கதை. மடத்தில் ஒரு சிஸ்டரைக் கண்டாலே தெரேசாவுக்கு ஆகாதாம். அதனாலேயே அவரைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்து வைத்தாராம். கடைசியில் அந்த சிஸ்டரே, என்னிடம் அப்படி என்னத்தைக் கண்டாய் என்று கேட்டுவிட்டாராம். "ஒன்பது நாளைக்கு நீங்களும் ஆகாத ஒருத்தரப் புடிங்க" என்றார் ஃபாதர்.

எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

செப்டம்பர் 23

சிரித்தேன். "பல்லுல கீரை மாட்டியிருக்குது பாரு" என்றாள்.

செப்டம்பர் 25

இரண்டு தடவை சிரித்தேன். தெரேசம்மா, உங்கள் மடத்தில் மாடி வீட்டுக்காரி உண்டா?

செப்டம்பர் 28, ஞாயிறு

தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்துக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்தேன். படியில் அக்கா. ஏழாம் நாளாயிற்றே, சிரித்தேன். மீனைக் குறை சொல்வாள் என்று பார்த்தால் கண் கலங்கி நிற்கிறாள். பித்தப்பையில் கல்லாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷனாம். பிரான்சில் இருக்கும் மகனுக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

"கூட இருக்க ஆளில்ல. நீதான் எம்மேல உசுரா இருக்கற. வர்றியா?"

"வர்றேங்க்கா" என்று சொன்னது என் வாய்தான். ஐயோ, நம்பிவிட்டாளே! வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

ஆஸ்பத்திரி. உள்ளே கூப்பிடக் காத்திருந்தோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட அப்படி என்னத்தக் கண்ட?" என்றாள்.

அதே கேள்வி! மனசு கேட்கவில்லை. "உங்கள எனக்குப் புடிக்காதுங்க்கா. நவநாளுக்காகத்தான் சிரிச்சேன்." — ஆபரேஷனுக்குப் போகிறவளிடம் சொல்கிற பேச்சா இது?

அவளோ சிரிக்கிறாள். "எனக்குத் தெரியாதா? பிரசங்கத்தப்போ உன் பின் பெஞ்சுலதான உக்காந்திருந்தேன். நவநாள்ல இருக்கறவ முடியாதுன்னு சொல்ல மாட்டான்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்."

அடிப்பாவி!

அப்புறம் மெதுவாக, "பொய்யோ நெசமோ, கதவத் தொறந்தா ஒரு மொகம் சிரிச்சுது. வேற யாருடி சிரிக்கறா என்னப் பாத்து?" என்றாள். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

ஜெபமாலையை எடுத்தேன். பாதியில் எண்ணிக்கை தப்பிவிட்டது. அவ்வளவு பயம். மாதாவே, இவள் நல்லபடியாக வரணும்.

அக்டோபர் 4

வந்துவிட்டாள். கண் விழித்ததும் நர்ஸுக்குப் பின்னல் சரியில்லை என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

கஞ்சி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். "கருவாடு எங்க?" என்றாள். எண்ணெய், காரம் எதுவும் ஆகாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "கஞ்சிய டாக்டரா குடிக்கறாரு?" என்று கத்தினாள். நானும் கத்தினேன். அரை மணி நேரம் சண்டை. கதவைப் படீரென்று சாத்திவிட்டு இறங்கினேன்.

பாதிப் படியில்தான் உறைத்தது. இன்றைக்கு அவளைப் பார்த்து ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அந்த நினைப்பே வரவில்லை.

திரும்ப ஏறினேன். மாத்திரை கொடுக்க மறந்திருந்தேன்.